பல வகிர்வுகளுக்கு ஒரே கடவுத்தொடர்: பொதுத்திறப்பா, தொடர்திறப்பா?

வணக்கம். லினக்ஸ் சொற்களைத் தமிழாக்குவதில் எழுந்த கேள்வி இது (வகிர்வு என்பது வட்டின் ஒரு பிரிவு, partition; கடவுத்தொடர் என்பது நீண்ட கடவுச்சொல், passphrase):

> கணினி துவங்கும்போது மறையாக்கிய வகிர்வுகள் எல்லாம் ஒரே கடவுத்தொடரில் திறப்பதைத் ‘தானியங்கி மறைவிலக்கம்’ எனலாமா?

இதில் இரண்டு சொல்லுமே எனக்கு ஒப்பவில்லை.

முதலில் மறைவிலக்கம், அதாவது மறையாக்கிய தரவைப் படிக்கும்படி திருப்புவது (decryption). துவக்கத்தில் வட்டிலுள்ள தரவு எதுவும் மறைவிலகுவதில்லை. லக்ஸ் (LUKS, லினக்ஸின் வட்டு மறையாக்க முறை) வகிர்வின் தலைப்பகுதியில், தரவைப் பூட்டிய மூலச்சாவி மறையாக்கப்பட்டுக் கிடக்கிறது. நாம் தட்டும் கடவுத்தொடர் அந்தச் சாவியை வெளியே எடுத்து, இயங்குதளத்தின் கருவான கருனலிடம் கொடுப்பதோடு சரி. தரவு வட்டில் அப்படியே பூட்டிக் கிடக்கும். படிக்கப் படிக்க, அந்தந்தத் துண்டு மட்டும் நினைவகத்தில் தெளியும். ‘மறைவிலக்கப்படுகிறது’ என்று திரையில் வந்தால், வட்டு முழுவதையும் பிரித்துப் போடுகிறதாக்கும், நடுவில் மின்சாரம் போனால் என்ன ஆகுமோ என்று பயனர் பதறுவார். ‘திறக்கிறது’ போதும். ‘பூட்டவிழ்ப்பு’ என்று நீட்டவும் வேண்டாம், பொத்தானில் இடம் பற்றாது.

அப்புறம் தானியங்கி. இங்கே ஆள் ஒருமுறையாவது தட்டச்சுகிறார். யாரும் எதையும் தட்டாமல் சாவிகளைக் காக்கும் டிபிஎம் (TPM) சில்லின் துணையோடே திறந்துகொள்ளும் முறை இருக்கிறதே, அந்தச் சொல்லை அதற்கு விட்டுவைப்போம்.

நாம் ஒன்றாகப் பேசிக்கொண்டிருப்பது உண்மையில் இரண்டு வேலை. எல்லா வகிர்வுக்கும் ஒரே கடவுத்தொடர் இருந்தால், லினக்ஸின் துவக்க வேலைகளை நடத்தும் சிஸ்டம்டி (systemd) ஒருமுறை கேட்டு வாங்கியதைக் கருனலின் சாவிக்கொத்தில் இரண்டரை நிமிடம் வைத்திருந்து, மற்றவற்றிலும் போட்டுப் பார்க்கும். இதைப் ‘பொதுத்திறப்பு’ எனலாம். இன்னொன்றில் ரூட்டை (இயங்குதளம் இருக்கும் வகிர்வு) மட்டும் நாம் திறக்கிறோம். ரூட்டுக்குள் இருக்கும் ஒரு கோப்பு ஹோமைத் (பயனரின் கோப்புகள் இருக்கும் வகிர்வு) திறக்கிறது. துவக்கத்தில் திறக்க வேண்டிய வகிர்வுகளைப் பட்டியலிடும் கிரிப்ட்டேப் (crypttab) கோப்பில் ஹோமுக்கான வரியின் மூன்றாம் புலத்தில் அந்தக் கோப்பின் பாதையை எழுதிவிட வேண்டும். இது ‘தொடர்திறப்பு’. (சங்கிலித்திறப்பு என்றால் கழுத்துச் சங்கிலியைக் கழற்றுவது போல இருக்கிறது.)

ஒரே பெயரில் இரண்டையும் அடைத்தால் உதவி ஆவணம் எழுதுபவர்தான் மாட்டிக்கொள்வார். ரூட்டின் கடவுத்தொடரை மட்டும் மாற்றிப் பாருங்கள்: பொதுத்திறப்பில் ஹோம் தனியாகக் கேட்கத் தொடங்கும், தொடர்திறப்பில் ஒன்றும் ஆகாது. ரூட் வகிர்வே கெட்டுப்போனால் கதை தலைகீழ். பொதுத்திறப்பில் ஹோமை வேறு கணினியில் மாட்டிக் கடவுத்தொடரைத் தட்டலாம். தொடர்திறப்பில் அந்தக் கோப்பும் ரூட்டோடு போயிருக்கும். ஹோமுக்குத் தனிக் கடவுத்தொடர் ஒன்றும் சேர்த்து வைக்காதவர் அம்போதான்.

அந்தக் கோப்புக்கு ‘விசைக்கோப்பு’ வேண்டாம். விசை என்றதும் விசைப்பலகைதான் நினைவுக்கு வரும். ‘சாவிக்கோப்பு’ என்றே இருக்கட்டும்.

key slot என்பதற்குச் ‘சாவித்துளை’ என்ற முன்மொழிவையும் மாற்றக் கேட்கிறேன். லக்ஸின் முதல் பதிப்பில் இவை 8, இரண்டாம் பதிப்பில் 32 வரை. ஒவ்வொன்றிலும் அதே மூலச்சாவியின் ஒரு படி, வெவ்வேறு கடவுத்தொடராலோ சாவிக்கோப்பாலோ பூட்டி வைக்கப்பட்டிருக்கும். துளைக்குள் எதையும் வைப்பதில்லை. சுவர் மாடத்தில் வைப்போம். ஆகவே ‘சாவிமாடம்’. ‘3ஆம் மாடத்தை அழிக்கவா?’ என்று கேட்டால் தமிழாகவும் இருக்கிறது, எதை அழிக்கிறோம் என்பதும் புரிகிறது.

இடமாற்று வகிர்வு (swap, நினைவகம் போதாதபோது உதவும் வட்டுப் பகுதி) மட்டும் எதிலும் அடங்கவில்லை. பலர் அதற்கு ஒவ்வொரு துவக்கத்திலும் புதிதாக ஒரு தற்போக்குச் சாவி போடுகிறார்கள். பழைய உள்ளடக்கம் திரும்ப வராது. திறப்பு என்றே அதைச் சொல்ல முடியாது. ‘புதுப்பூட்டு’ என்று எழுதிப் பார்த்தேன், கடையில் வாங்குவது போல ஒலிக்கிறது. வேறு சொல் தோன்றினால் எழுதுங்கள்.