பிரசவத்துக்குப் பின் ஆசனவாயில் கடும் வலி: மூலமா, வெடிப்பா?

ஃபீனிக்ஸ் அன்னை (டர்பன், தென்னாப்பிரிக்கா) கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். நேரில் எவரிடமும் கேட்கக் கூச்சமாக இருப்பதால் இங்கே எழுதுகிறேன். எனக்கு இரண்டாவது குழந்தை பிறந்து ஏறக்குறைய இரண்டு மாதங்கள் ஆகின்றன. சுகப்பிரசவம்தான், தாய்ப்பால் கொடுக்கிறேன். குழந்தை பிறந்த சில நாட்களிலிருந்தே மலம் கழிக்கும்போது கண்ணாடித் துண்டு வெளியேறுவது போல வலிக்கிறது. கழித்து முடித்த பிறகும் ஒன்றிரண்டு மணி நேரம் எரிச்சலும் இழுத்துப் பிடிக்கும் வலியும் விடுவதில்லை. துடைக்கும் தாளில் பளிச்சென்ற சிவப்பில் சிறிது இரத்தம் தெரிகிறது. வலிக்குப் பயந்து அடக்கி வைக்கிறேன். அடக்குவதால் மலம் இன்னும் இறுகிவிடுகிறது.

வீட்டில் எல்லோரும் இதை மூலம் என்றே சொல்கிறார்கள். மூலத்துக்கென்று மருந்தகத்தில் வாங்கிய களிம்பைப் பல வாரங்களாகத் தடவி வருகிறேன். பாரசிட்டமாலும் கோடீனும் கலந்த மாத்திரையை வலிக்காகவும், கிளினிக்கில் தந்த இரும்புச்சத்து மாத்திரையை இரத்தசோகைக்காகவும் எடுத்துக்கொள்கிறேன். மாமியார் மிகுந்த அக்கறையோடு பத்தியச் சாப்பாடு போடுகிறார்: சோறு, மிளகு ரசம், பூண்டு, கருவாடு, கோழி. குழந்தைக்குச் சளி பிடிக்கும் என்பதால் கீரை, பழம், அதிகத் தண்ணீர் ஆகியவற்றைத் தவிர்க்கச் சொல்கிறார். சித்தியோ விளக்கெண்ணெய் குடித்து, துத்தி இலையை அரைத்துச் சாப்பிட்டால் சரியாகிவிடும் என்கிறார். இது மூலம்தானா? அறுவை சிகிச்சை வரை போகுமா?

ஓய்வுபெற்ற செவிலி (சாட்ஸ்வொர்த்):

மகளே, நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் இது மூலத்தைவிட ஆசனவாய் வெடிப்பாக, அதாவது மருத்துவர்கள் ஃபிஷர் என்று சொல்வதாக இருக்கவே அதிக வாய்ப்பு உண்டு. உள்மூலம் தோன்றும் இடத்தில் வலியை உணரும் நரம்புகள் இல்லை. அதனால் அது இரத்தத்தைச் சொட்டச் செய்தாலும் பெரும்பாலும் வலிப்பதில்லை. வெளிமூலத்தில் இரத்தம் உறைந்துவிட்டால் மட்டும் திடீரென்று கடுமையாக வலிக்கும். அப்போது நீலம் பாய்ந்த ஒரு கட்டி கைக்குத் தட்டுப்படும். முதல் 3 நாட்களுக்குள் மருத்துவரிடம் போனால் அதைக் கீறி எடுக்க முடியும். அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டால் ஓரிரு வாரங்களில் வலி தானாகவே அடங்கும். மலம் வெளியேறும் நொடியில் கிழிப்பதும், பிறகு மணிக்கணக்கில் இழுத்துப் பிடிப்பதும் வெடிப்புக்கே உரிய அடையாளங்கள். இறுகிய மலம் மெல்லிய தோலைக் கிழிக்கிறது. அந்த வலியால் உள்ளே இருக்கும் சுருக்குத்தசை இறுகிக்கொள்கிறது. தசை இறுகுவதால் அந்த இடத்துக்கு இரத்த ஓட்டம் குறைந்து புண் ஆறாமல் நிற்கிறது. இந்தச் சுழற்சியை உடைப்பதுதான் முழு வைத்தியமும்.

வெடிப்பு பெரும்பாலும் ஆசனவாயின் பின்பக்க நடுக்கோட்டில் வரும். பெண்களுக்கு, குறிப்பாகப் பிரசவத்துக்குப் பிறகு, முன்பக்கத்திலும் வரக்கூடும். நடுக்கோட்டை விட்டு விலகி ஓரத்தில் புண் இருந்தால் காசநோய், எச்.ஐ.வி., குரோன் நோய் (குடலில் நாட்பட்ட அழற்சி) போன்றவற்றையும் பார்க்க வேண்டியிருக்கும் என்பதால், யாராவது ஒருவர் கண்ணால் பார்த்துச் சொல்வது அவசியம். ஆசனவாயில் கோளாறு என்றாலே மூலம் என்று சொல்லி, ஆண்டுக்கணக்கில் களிம்பு தடவிக்கொண்டே இருந்த பெண்களைப் பணிக்காலத்தில் நான் நிறையப் பார்த்து வருந்தியிருக்கிறேன்.

இன்றே தொடங்கக்கூடியது வெந்நீரில் உட்காரும் இடுப்புக் குளியல். அகலமான தொட்டியில் பொறுக்கும் சூட்டில் தண்ணீர் ஊற்றி, மலம் கழித்தவுடனும் இரவிலும் 10 முதல் 15 நிமிடம் உட்காருங்கள். உப்போ கிருமிநாசினியோ தேவையில்லை. தசையைத் தளர்த்துவது சூடுதான். பிறகு தேய்க்காமல் ஒற்றித் துடையுங்கள்.

மருந்தாளர் (பீட்டர்மாரிட்ஸ்பர்க்):

செவிலி அம்மா சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். மருந்துகளைப் பற்றி மட்டும் நான் சொல்ல வேண்டியது இருக்கிறது, அதுவும் அவசரமாக.

சகோதரி, கோடீன் கலந்த மாத்திரையைத் தயவுசெய்து நிறுத்துங்கள். நம் நாட்டில் மருத்துவர் சீட்டு இல்லாமலே அது கிடைப்பதால் பலர் அதைச் சாதாரண வலி மாத்திரை என்று எண்ணிவிடுகிறார்கள். ஆனால் கோடீன் உடலுக்குள் மார்ஃபினாக மாறும் ஒரு மருந்து. சில தாய்மாருக்கு அந்த மாற்றம் மிக வேகமாக நடந்து, பாலின் வழியே குழந்தையைச் சென்றடைந்து, அதன் மூச்சையே மந்தப்படுத்திவிடும். பாலூட்டும் காலத்தில் அதை எடுக்கக் கூடாது என்பதற்கு அதுதான் முதற்காரணம். குழந்தை வழக்கத்துக்கு மாறாகத் தூங்கிக்கொண்டே இருந்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, மூச்சு விடச் சிரமப்பட்டாலோ தாமதிக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள். இரண்டாவது காரணம், கோடீன் குடலின் அசைவைக் குறைத்து மலத்தைக் கட்டும். ஆகவே வலிக்கு எடுக்கும் மாத்திரையே நாளை காலை வரப்போகும் வலியை வளர்க்கிறது. தனி பாரசிட்டமால் அல்லது இபுப்ரோஃபென் பாலூட்டும் தாய்க்கு ஏற்றது. வயிற்றுப்புண்ணோ சிறுநீரகக் கோளாறோ இருந்தால் மட்டும் இபுப்ரோஃபென் வேண்டாம்.

இரும்புச்சத்து மாத்திரையும் மலத்தை இறுக்கும். என்றாலும் அதை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் எடுக்கலாமா, வேறு வகைக்கு மாறலாமா என்று கிளினிக்கில் கேளுங்கள். மலத்தை இளக்க லாக்டுலோஸ் திரவம் வாங்கிக்கொள்ளுங்கள். அது குடலிலிருந்து இரத்தத்தில் மிகக் குறைவாகவே சேர்வதால் குழந்தைக்கு அச்சமில்லை. இசப்கோல் உமியும் நல்லது. ஆனால் ஒரு முழுக் குவளைத் தண்ணீரோடு குடிக்காவிட்டால் அதுவே அடைத்துக்கொள்ளும். விளக்கெண்ணெய் வேண்டாம். அது பேதியாக்கும், நீர்த்த பேதியும் வெடிப்பை எரிக்கவே செய்யும். துத்தி இலை சித்த மருத்துவத்தில் மூலத்துக்குச் சொல்லப்படுவதுதான். ஆனாலும் பாலூட்டும்போது அளவு தெரியாமல் இலைகளை உட்கொள்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

நீங்கள் தடவும் களிம்பில் ஸ்டீராய்டு இருக்கிறதா என்று உறையைப் பாருங்கள். இருந்தால் ஒரு வாரத்துக்கு மேல் தடவக் கூடாது. தோல் மெலிந்து மேலும் கிழியும். மலம் கழிப்பதற்குச் சற்று முன் மரத்துப்போகச் செய்யும் லிக்னோகெய்ன் களிம்பைச் சிறிதளவு தடவலாம். இவற்றைக் கொண்டே புதிய வெடிப்புகளில் ஏறக்குறைய பாதி சில வாரங்களில் ஆறிவிடுகின்றன.

ஆறு முதல் எட்டு வாரங்களைக் கடந்தும் ஆறாவிட்டால் சுருக்குத்தசையைத் தளர்த்தும் களிம்பு தேவைப்படும். டில்டியாசெம் 2 சதவீதக் களிம்பும், கிளிசரில் டிரைநைட்ரேட் 0.2 முதல் 0.4 சதவீதக் களிம்பும் அதற்காகவே உள்ளன. பின்னது பலருக்குக் கடும் தலைவலி தரும். இரண்டும் மருத்துவர் சீட்டின் பேரில் தர வேண்டியவை. பாலூட்டுவதை அவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

என்-3 லாரிக்காரர் (டர்பன்):

அக்கா, எனக்கு வந்தது பழைய வெடிப்பு. டர்பனிலிருந்து ஜோகன்னஸ்பர்க் வரை சரக்கு ஏற்றிச் செல்பவன் நான். வான் ரீனன் கணவாயில் வண்டிகள் நின்றுவிட்டால் கழிப்பறைக்கு வழியில்லை என்பதற்காகத் தண்ணீரே குடிக்காமல் ஓட்டுவது எங்கள் தொழிலில் பலருக்கும் பழக்கம். களிம்புகளுக்கு எனக்கு ஆறவில்லை. இறுதியில் சுருக்குத்தசையின் ஒரு சிறு பகுதியை வெட்டித் தளர்த்தும் அறுவை சிகிச்சை செய்துகொண்டேன். காலையில் போய் மாலையில் வீடு திரும்பினேன். மிக விரைவில் அந்தப் பழைய வலி போய்விட்டது. 1951இல் அந்தச் சிகிச்சையைப் பற்றி எழுதி அதற்கு வழி திறந்தவர்களில் ஒருவர், ஜோகன்னஸ்பர்க் அறுவை மருத்துவர் ஸ்டீபன் ஐசன்ஹாமர். இதைச் செய்துகொண்டவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் குணமாகிறது. காற்றை அடக்க முடியாமல் போகும் சிக்கல் சிலருக்கு வருவதுண்டு. சுகப்பிரசவத்தில் தசை ஏற்கெனவே நெகிழ்ந்திருக்கலாம் என்பதால் தாய்மாருக்கு இதை மிகவும் யோசித்தே செய்வார்கள் என்று என் மருத்துவர் சொன்னார். ஆகையால் உங்களுக்கு அது கடைசி வழியாகவே இருக்கும். இப்போதே அதை நினைத்துப் பயப்பட வேண்டாம்.

உணவில் எனக்கு உதவியது நம் வீட்டுச் சமையல்தான். சுகர் பீன்ஸ் கறி, பருப்பு, கீரை, பிரௌன் ரொட்டி, பப்பாளி. புரட்டாசி விரத மாதம் முழுவதும் நாம் சாப்பிடுவதை ஆண்டு முழுவதும் சாப்பிட்டாலே போதும் என்பது என் அனுபவம். ஒரே நாளில் அதிகமாகக் கூட்டினால் வயிறு உப்பும். கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். வலி நின்றவுடன் பழைய உணவுக்குத் திரும்பிவிட்டால் ஆறிய தோல் மீண்டும் கிழியும் என்பதையும் மனத்தில் வையுங்கள்.

ஃபீனிக்ஸ் அன்னை:

எல்லோருக்கும் நன்றி. கோடீன் மாத்திரையை இன்றே எடுத்து வைத்துவிட்டேன்; குழந்தை நன்றாகப் பால் குடிக்கிறது, விழித்து விளையாடுகிறது. செவிலி அம்மா, இன்னும் இரண்டு கேள்விகள். மாமியார் மனம் நோகாமல் பத்தியத்தை எப்படி மாற்றுவது? கிளினிக்கில் போய் என்னவென்று சொல்வது?

ஓய்வுபெற்ற செவிலி (சாட்ஸ்வொர்த்):

பத்தியத்தை விட வேண்டாம், மகளே. அதற்குள்ளேயே இடம் இருக்கிறது. முருங்கைக்கீரை பால் சுரக்க நல்லது என்று அவரே ஒப்புக்கொள்வார். ரசத்தோடு பருப்பும் கீரையும் கேளுங்கள்; பச்சைத் தண்ணீருக்குப் பதில் வெந்நீரோ சீரகத் தண்ணீரோ குடியுங்கள். பால் கொடுக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு குவளை என்று வைத்துக்கொண்டால் அளவு மறக்காது. தாய் தண்ணீர் குடிப்பதால் குழந்தைக்குச் சளி பிடிப்பதில்லை என்பதைக் கிளினிக் செவிலியின் வாயாலேயே அவர் கேட்கும்படி, முடிந்தால் அவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். கழிப்பறையில் கால்களுக்குக் கீழே ஒரு சிறு முக்காலி வைத்து முழங்கால் இடுப்பைவிட உயர்ந்திருக்கும்படி உட்காருங்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் முக்கிக்கொண்டு இருக்காதீர்கள். உணர்வு வரும்போது குழந்தையை யாரிடமாவது கொடுத்துவிட்டு உடனே போய்விடுங்கள்.

கிளினிக்கில், "பிரசவத்திலிருந்து மலம் கழிக்கும்போதும் பிறகும் கடும் வலி, சிவப்பு இரத்தம், தாய்ப்பால் கொடுக்கிறேன், வெடிப்பா என்று பார்த்துச் சொல்லுங்கள்" என்று சொன்னால் போதும். பெண் செவிலியைக் கேட்பது உங்கள் உரிமை. இடப்பக்கம் சாய்ந்து படுக்கவைத்து, பிட்டத்தை மெதுவாக விலக்கிப் பார்த்தாலே வெடிப்பு தெரிந்துவிடும். வலி கடுமையாக இருக்கும்போது விரலை உள்ளே விட்டுப் பார்க்க வேண்டியதில்லை. அவ்வாறு முயன்றால் வலிக்கிறது, வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பிரசவத்தில் தையல் போட்டிருந்தால் அதையும் சொல்லுங்கள்.

காய்ச்சலோடு அந்த இடம் வீங்கித் துடித்தாலோ, இரத்தம் மலத்தோடு கலந்து கருமையாக வந்தாலோ, இரத்தப்போக்கு நிற்காமல் தலை சுற்றினாலோ, மலத்தை அடக்க முடியாமல் போனாலோ கிளினிக் நாளுக்காகக் காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். ஆனால் இரும்பு மாத்திரையாலும் மலம் கறுக்கும் என்பதால், அதை எடுத்துக்கொள்வதை அங்கே முதலிலேயே சொல்லிவிடுங்கள்.