அமெரிக்க ஃபுட்பால் வீரர் பிராக் பர்டியை டிராஃப்டுக்கு (NFL அணிகள் கல்லூரி வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சி) முன்பே பார்த்தவர்கள் யாராவது உண்டா?

சோளக்காட்டான்:
நான் படித்தது ஏம்ஸில், அயோவா ஸ்டேட் பல்கலைக்கழகம். ஜாக் டிரைஸ் ஸ்டேடியத்தில் மாணவர் பகுதியில் நின்றுகொண்டே பர்டியைப் பார்த்த ஆள் நான் (நின்றுகொண்டேதான், அங்கே யாரும் உட்கார மாட்டார்கள்). 2018 அக்டோபரில் ஒக்லஹோமா ஸ்டேட்டோடு வெளியூர் மேட்ச், லேபில் வேலைக்கு நடுவே ஓடவிட்டிருந்தேன். பெஞ்சில் இருந்த 18 வயசு பர்டியை இறக்கினார்கள், அவன் பாட்டுக்கு 4 டச்டவுன் பாஸ் (எதிரணியின் எல்லைக்குள் சேர்ந்து புள்ளி தரும் வீச்சு) போட்டு 48-42 என்று ஜெயித்துக் கொடுத்துவிட்டான். அதற்கப்புறம் குவார்ட்டர்பேக் (பந்தை வீசி ஆட்டத்தை நடத்துபவர்) இடத்தில் வேறு ஆளை யோசிக்கவே இல்லை.

பந்து கைக்கு வந்ததும் யாருக்கு வீசுவது என்று சட்டென்று முடிவெடுப்பான், அதுதான் அவனுடைய பலம். ஆனால் முன்னால் நின்று காக்கும் லைன் உடைந்தால் போச்சு. பின்னாலேயே வளைந்து ஓடுவான், இடுப்பில் ஒருத்தன் தொங்கிக்கொண்டிருக்கும்போதே கையை வீசுவான், ஒரு தடவை அது அற்புதமாக விழும், அடுத்த தடவை நேரே எதிரணிக்காரன் கைக்குப் போகும். 2021 செப்டம்பரில் பக்கத்து அயோவா பல்கலைக்கழகத்துக்கு எதிராக, அதுவும் சொந்த மைதானத்தில், 3 இன்டர்செப்ஷன் (எதிரணி பிடித்துவிட்ட வீச்சு). கோச் மாட் கேம்பல் பாதியிலேயே வெளியே எடுத்துவிட்டார். சீசனுக்கு முன் நாட்டிலேயே 7-ஆம் இடத்தில் வைத்திருந்த டீம், கடைசியில் 7 வெற்றி 6 தோல்வி. டிராஃப்டில் அவன் பெயர் கீழே போனதற்கு உயரக் குறைவை மட்டும் காரணம் சொல்பவர்கள் அந்த வருஷத்தை வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

பாலைவனத்துப் பெரியப்பா:
தம்பி, எங்கள் ஊர்ப் பையன் அவன். அரிசோனாவின் கில்பர்ட், பெர்ரி ஹைஸ்கூல். பக்கத்து வீட்டுக்காரர் வற்புறுத்தி ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி கூட்டிக்கொண்டு போனார். ஆட்டத்தின் விதிகூட எனக்கு அப்போது சரியாகத் தெரியாது, இருந்தாலும் பந்து யார் கையில் இருக்கும்போது ஜனங்கள் எழுந்து நிற்கிறார்கள் என்பது தெரியாமலா போகும்! 2017-இல் அரிசோனா மாநிலத்தின் சிறந்த பள்ளி வீரருக்கான கேட்டரேட் விருது அவனுக்குத்தான். அப்படியும் பெரிய கல்லூரிகள் கடைசி நேரத்தில்தான் வந்து கதவைத் தட்டின, அலபாமா உட்பட. அவன் அயோவாவின் குளிருக்குப் போனான். அலபாமா போயிருந்தால் எத்தனை வருஷம் பெஞ்சைத் தேய்த்திருப்பானோ.

சான்ட்டா கிளாரா மாப்பிள்ளை:
நான் சான் ஃபிரான்சிஸ்கோ ஃபார்ட்டி நைனர்ஸ் ரசிகன், டிராஃப்ட் மூன்று நாளும் டிவி முன்னால்தான். 2022 லாஸ் வேகஸ். முதல் ரவுண்டில் ஒரே ஒரு குவார்ட்டர்பேக், கென்னி பிக்கெட், 20-ஆவது இடம். அவருடைய விரித்த கை எட்டரை அங்குலம்தான் என்று வாரக்கணக்கில் பேசினார்கள், ஜோசியர் கைரேகை பார்த்த கதையாக! எங்கள் டீம் எடுத்த பர்டி 262-ஆவது, அதாவது கடைசி ஆள், குவார்ட்டர்பேக்குகளில் ஒன்பதாவது. கடைசி ஆளுக்கு ‘மிஸ்டர் இர்ரெலவன்ட்’ என்று பட்டம் கொடுத்துக் கிண்டலாக ஒரு கோப்பையும் தருவார்கள். நேர்மையாகச் சொன்னால் அந்த நேரத்தில் நான் சமையலறையில் இருந்தேன், மனைவி சொல்லித்தான் பெயரே தெரியும்.

சோளக்காட்டான் அண்ணா, ஒரு விஷயத்தில் உங்களோடு ஒத்துப்போகிறேன். வீரர்களை எடைபோடும் ஸ்கவுட்டுகள் முட்டாள்கள் இல்லை. கை பலம் சுமார், கல்லூரியில் 33 இன்டர்செப்ஷன், இதெல்லாம் இருந்ததுதானே. ஆனால் 46 மேட்ச் தொடர்ந்து ஸ்டார்ட் செய்தவன் (ஆரம்பத்திலேயே இறங்கியவன்), 12,170 யார்டு வீசியவன் என்பதற்கு அவர்கள் கொடுத்த மதிப்பு ரொம்பக் குறைவு. எங்கள் கைல் ஷானஹன் மாதிரி கோச்சுக்கு நேரத்துக்குப் பந்தை விடுகிற ஆள்தான் தேவை. வேறு ஏதாவது டீம் ஏழாம் ரவுண்டில் எடுத்திருந்தால் பயிற்சிக்கு மட்டும் வைத்திருக்கும் பிராக்டிஸ் ஸ்குவாடோடு கதை முடிந்திருக்கும் என்பது என் கணக்கு.

சோளக்காட்டான்:
மாப்பிள்ளை, நீங்கள் சொல்வது பாதி சரி. அவனுக்கு முன்னால் இருந்த குவார்ட்டர்பேக்குகள் டிரே லான்ஸ், ஜிம்மி கரோப்போலோ இரண்டு பேருக்கும் ஒரே சீசனில் காயம் ஆகாமல் இருந்திருந்தால் ஷானஹனே அவனை இறக்கியிருக்க மாட்டார். ஆனால் இறங்கிய பிறகு முதல் ஸ்டார்ட்டிலேயே ஜாம்பவான் டாம் பிரேடியின் டீமை 35-7 என்று அடித்தானே, அது கோச் போட்ட திட்டம் மட்டும் இல்லை. டிவியில் பார்த்தபோது ஒன்று கவனித்தேன், அந்தப் பின்பக்க ஓட்டம் இன்னும் அப்படியே இருக்கிறது.

பாலைவனத்துப் பெரியப்பா:
சம்பளத்தைப் பற்றி யாரும் பேசவே இல்லையே? சூப்பர் பௌல் இறுதிப் போட்டி வரைக்கும் போன சீசனில் அவனுக்குப் பத்து லட்சம் டாலர்கூட இல்லை. மூன்று சீசன் முடியும் முன் ஒப்பந்தத்தை மாற்ற விதி இடம் கொடுக்காது. 2025 மே மாதம் 5 வருஷத்துக்கு 265 மில்லியன் டாலர் போட்டார்கள். பிக்கெட்டை எடுத்த பிட்ஸ்பர்க், அவரை இரண்டே சீசனில் பிலடெல்பியாவுக்குக் கைமாற்றிவிட்டது.

சான்ட்டா கிளாரா மாப்பிள்ளை:
அந்த 265-ஐப் பற்றி இங்கே எங்கள் ஆபீஸில் இன்னும் சண்டை ஓய்ந்தபாடில்லை பெரியப்பா. அதற்குத் தனியாக ஒரு திரி ஆரம்பியுங்கள், நான் வருகிறேன்.