காயத்தருகே இழைமணி: ‘சிதைவு’ வேண்டாம், ‘மணியாதல்’ சரிவருமா?

> மைட்டோகாண்ட்ரியல் ஃபிராக்மென்டேஷன் என்பதற்கு ‘இழைமணிச் சிதைவு’ என்றே வைத்துவிடலாமே.

வணக்கம் ஐயா.

செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியா, அதாவது இழைமணி, துண்டு துண்டாவதைச் ‘சிதைவு’ என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. சிதைந்தது திரும்பச் சேராது. காயம் ஆறும்போது நடப்பதோ வேறு. சீனோராப்டிடிஸ் எலிகன்ஸ் என்ற நுண்புழுவின் தோலில் ஊசியால் குத்திவிட்டு நுண்ணோக்கியில் பார்த்தால், நீள நீளமாகக் கிடந்த இழைமணிகள் ஓட்டையைச் சுற்றி மட்டும், நூல் அறுந்த பாசிமாலை போலக் குட்டிக் குட்டி மணிகளாகிவிடுகின்றன. அப்புறம் அவையே மறுபடி இழையாகக் கூடிக்கொள்கின்றன.

இது அழிவே இல்லை, வேலை. செல்லின் கிழிசல் வழியே கால்சியம் உள்ளே பாய்கிறது. இழைமணி அதை உறிஞ்சிக்கொண்டு வினைமிகு ஆக்சிஜனை (எளிதில் வினைபுரியும் ஆக்சிஜன் வடிவங்களை) கொஞ்சம் வெளிவிடுகிறது. அந்தச் சைகை கிடைத்தால்தான் ஆக்டின் என்ற புரத இழைகள் கிழிசலருகே திரண்டு அதை மூடுகின்றன. தசைச் செல்லிலும் இப்படித்தான். ஆக்சிஜனேற்ற எதிர்ப்பொருள் கொடுத்துச் சைகையை அடக்கினால் மூடுவது கெட்டுப்போகிறது. இவ்வளவு உதவும் ஒன்றைச் சிதைவு என்று படிக்கும் மாணவர், செல் சாகிறது என்றுதான் நினைத்துக்கொள்வார்.

‘துணுக்காதல்’ என்றும் யோசித்தேன். ‘துணுக்குறுதல்’ (திடுக்கிடுதல்) குறுக்கே வந்து நிற்கிறது. ‘உதிர்வு’ காதுக்கு இதம், ஆனால் உதிர்ந்தது விலகிப்போய்விடும். ‘பிளவு’ நல்ல சொல்தான். டிஆர்பி1 புரதம் வளையமாகச் சுற்றி இறுக்கி ஒன்றை இரண்டாக்கும் அந்த ஒரு நிகழ்வுக்கே அதை வைத்துக்கொள்வோம். புழுத்தோலில் காயத்தின்போது நடப்பதற்கு அந்தப் புரதம்கூடக் கட்டாயமில்லை. அங்கே மிரோ-1 என்ற வேறொரு புரதம்தான் முக்கியம்.

விடை பெயருக்குள்ளேயே இருக்கிறது. 1898இல் ஜெர்மன் அறிவியலாளர் கார்ல் பெண்டா, நூல், மணி என்று பொருள்படும் இரண்டு கிரேக்கச் சொற்களைச் சேர்த்துத்தான் மைட்டோகாண்ட்ரியா என்று பெயரிட்டார். நம் ‘இழைமணி’ அதன் நேர் வடிவம். அப்படியானால் இழை மணியாவது மணியாதல், மணி இழையாவது இழையாதல். ஒரே சொல்லைப் பிரித்து இரண்டு கலைச்சொல்! கிரேக்கம் தெரியாத பிள்ளைக்கும் படம் கண்ணில் தெரியும்.

வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன்: “காயம் பட்டதும் அதன் விளிம்பில் மணியாதல் தொடங்குகிறது, பின்னர் இழையாதல் நடந்து பழைய வலை மீள்கிறது.” தடங்கல் இல்லை. ‘இழைமணி மணியாதல்’ என்று முழுதாக எழுதும்போது மட்டும் மணி இரண்டு முறை வந்து உறுத்துகிறது. தலைப்பில் ‘மணியாதல்’ மட்டும் போதுமா, இல்லை ‘காயவழி மணியாதல்’ என்று அடை சேர்க்கலாமா? சொல்லுங்கள் ஐயா.