வலைச் சார்பின்மையா, வலைப் போதுமையா?

அன்புடையீர், வணக்கம்.

நீர், காற்று போன்ற பாய்மங்களின் ஓட்டத்தைக் கணினியில் தீர்க்கும்போது, ஓட்டம் நிகழும் இடத்தைச் சிறு சிறு கண்களாகப் பிரிக்கும் கணிப்பு வலையில், அந்தக் கண்களை மேலும் சிறிதாக்கினாலும் விடை குறிப்பிடத்தக்க அளவு மாறவில்லை என்று காட்டும் சோதனைக்கு ‘வலைச் சார்பின்மைச் சோதனை’ என்னும் பெயர் முன்மொழியப்பட்டிருக்கிறது. grid independence என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு நேர் என்ற வகையில் அதில் குறை காண முடியாது. ஆனால் அந்த ஆங்கிலச் சொல்லே பொருளைச் சற்று மிகைப்படுத்துகிறது; அந்த மிகையையும் சேர்த்தே தமிழுக்குக் கொண்டுவர வேண்டுமா என்பதே என் ஐயம்.

முதலில் சொல்லின் இடர்ப்பாடு. நம் பள்ளிக் கணிதத்தில் ‘சார்பு’ என்பது ஒரு மாறியின் மதிப்பிலிருந்து இன்னொன்றைத் தரும் விதியைக் குறிக்கும். ‘சாரா மாறி’ என்பதும் அங்கே வேறொரு பொருளில் ஊன்றிவிட்டது. இந்த இரண்டையும் படித்துவிட்டு வரும் மாணவர், ‘வலைச் சார்பின்மை’ என்றதும் எந்தச் சார்பு இல்லாமற்போயிற்று என்று தேடுவார். (மதச்சார்பின்மையை நினைத்துப் புன்னகைப்பவர்களும் இருப்பார்கள், அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.)

பெரிய இடர்ப்பாடு பொருளில் இருக்கிறது. இரு இணைத்தட்டுகளுக்கு இடையே முழுதும் வளர்ந்த அடுக்கோட்டத்தை (சுழல் கலப்பின்றி அடுக்கடுக்காக, வழிநெடுக ஒரே வடிவில் செல்லும் ஓட்டத்தை) எடுத்துக்கொள்வோம். தட்டுகளின் இடைவெளி 1, சராசரித் திசைவேகம் 1 ஆகும்படி அழுத்தச் சரிவைத் தேர்ந்தால், திசைவேகம் பரவளைய வடிவில் அமைந்து நடுவில் 1.5 ஆகும், பாய்வு வீதம் 1 ஆகும். இடைவெளியை 4 சம கூறுகளாக்கி மைய வேறுபாட்டு முறையில் (ஒவ்வொரு புள்ளியிலும் இருபுறத்து அண்டைப் புள்ளிகளின் மதிப்புகளைக் கொண்டு வகைக்கெழுவைக் கணிக்கும் முறையில்) தீர்த்தால், பரவளையத்துக்கு அம்முறையில் பிழையே எழாது என்பதால், கணுக்களில், அதாவது கூறுகள் சந்திக்கும் புள்ளிகளில், கிடைக்கும் திசைவேகம் துல்லியமாகவே இருக்கும். அதே திசைவேகங்களைச் சரிவக விதியால் கூட்டிப் பாய்வு வீதம் கண்டாலோ 0.9375 வருகிறது, அதாவது 6.25 விழுக்காடு குறைவு. 8 கூறுகளுக்கு 0.9844, 16 கூறுகளுக்கு 0.9961. கண் பாதியாகும்போதெல்லாம் பிழை நான்கில் ஒன்றாகிறதே தவிர, எந்த வலையிலும் அது சுழியமாவதில்லை.

ஒரே ஓட்டம், ஒரே வலை. ஆனால் திசைவேகத்துக்குப் போதுமான கண் பாய்வு வீதத்துக்குப் போதவில்லை. ஆகவே ‘இந்த விடை வலையைச் சாராதது’ என்று பொதுவாகச் சொல்வதற்கே இடமில்லை. இன்ன கணியத்துக்கு, இன்ன பிழை வரம்புக்குள், இந்த வலை போதும் என்று மட்டுமே சொல்ல முடியும். சொல்லப்போனால், பிழை இவ்வாறு ஒழுங்காக வலையைச் சார்ந்திருப்பதுதான் நமக்குக் கைகொடுக்கிறது. முதல் இரு விடைகளின் வேறுபாட்டில் மூன்றிலொரு பங்கை 0.9844 உடன் கூட்டினால் 1 கிடைத்துவிடுகிறது. இரு வலைகளின் விடைகளைக் கொண்டு மேலும் சரியான விடையை மதிப்பிடும் இது ரிச்சர்ட்சனின் வழிமுறை. வலையால் எழும் பிழையை மதிப்பிட 1994-இல் பாட்ரிக் ரோச் இதன்மேல் எழுப்பிய குறியெண்ணின் பெயரிலும் (Grid Convergence Index) இருப்பது ஒருங்குதலே (விடை ஒரே மதிப்பை நெருங்கிச் செல்வதே), சார்பின்மை அன்று.

அப்படியானால் ‘வலை ஒருங்கல்’ என்றே வைத்துக்கொள்ளலாமே என்று கேட்கலாம். அதில் எனக்குத் தயக்கம் உண்டு. ஒரே வலையில் திரும்பத் திரும்பக் கணிக்கும்போது எச்சங்கள், அதாவது சமன்பாடுகள் இன்னும் நிறைவேறாமல் நிற்கும் அளவுகள், குறைந்து அடங்குவதையும் ஒருங்குதல் என்றே சொல்கிறோம். எச்சம் பத்து இலட்சத்தில் ஒன்றாக இறங்கியதைக் காட்டி, பெருங்கண் வலையில் கிடைத்த விடையைச் சரியென்று ஒப்படைக்கும் மாணவர்கள் இன்றும் குறைவில்லை. சொல்லும் ஒன்றாகிவிட்டால் அந்தக் குழப்பத்துக்கு நாமே துணைபோனவர்கள் ஆவோம்.

என் முன்மொழிவு இது: செய்யும் செயலுக்கு ‘வலை நுணுக்கச் சோதனை’, அதனால் நிறுவப்படும் நிலைக்கு ‘வலைப் போதுமை’. “திசைவேகத்துக்கு வலைப் போதுமை உண்டு, பாய்வு வீதத்துக்கு இல்லை” என்று எழுதும்போது, எதற்குப் போதுமானது என்ற கேள்வியைச் சொல்லே எழுப்பிவிடுகிறது. வலை, கண் இரண்டும் மீனவர் வழக்கிலிருந்து வருவதால் ‘பெருங்கண் வலை’, ‘சிறுகண் வலை’ என்னும் இணையும் வருத்தமின்றிக் கிடைக்கிறது. ‘வலை’ இணையத்துக்குப் போய்விட்டது என்ற மறுப்பை நான் ஏற்கவில்லை. பாய்மக் கணிப்பு பற்றிய கட்டுரையில் அந்த மயக்கம் நேராது.

ஓரங்களில் மட்டும் கண்ணைச் சிறிதாக்கும் வலைக்கு ‘ஓர நுணுக்க வலை’ என்பதைவிடச் சுருக்கமான பெயர் எனக்குத் தோன்றவில்லை. உங்களில் எவருக்கேனும் தோன்றினால் எழுதுங்கள்.