சாய்வுத் தொட்டியில் கெல்வின்–ஹெல்ம்ஹோல்ட்ஸ் அலைகள் உருவாகவே இல்லை. எங்கே தவறு?

ஆய்வகமேசை:
வணக்கம். மாணவர்களுக்குக் காட்டுவதற்காக அக்ரிலிக்கில் ஒரு மூடிய தொட்டி செய்திருக்கிறோம். உள்ளளவு 120 செ.மீ. நீளம், 10 செ.மீ. அகலம், 10 செ.மீ. உயரம். கீழே 4 விழுக்காடு உப்புநீர் (சிவப்புச் சாயம் கலந்தது), மேலே சாதா தண்ணீர், இரண்டும் 5 செ.மீ. ஆழம். குமிழ்கள் அடங்கட்டும் என்று முந்தைய நாள் மாலையே நிரப்பி வைத்துவிட்டு, மறுநாள் காலையில் 5 பாகை சாய்க்கிறோம். இரண்டு அடுக்கும் எதிரெதிராக ஓடுவது நன்றாகவே தெரிகிறது. ஆனால் நடுவில் கெல்வின்–ஹெல்ம்ஹோல்ட்ஸ் அலைகள், அதாவது வேறு வேறு வேகத்தில் ஓடும் இரண்டு அடுக்குகளின் எல்லையில் எழும் சுருள்கள், எதுவும் வரவில்லை. சற்று நேரத்தில் இரண்டு முனைகளிலிருந்தும் ஓர் அலை வந்து எல்லாவற்றையும் கலைத்துவிடுகிறது. உப்பைக் கூட்டினோம், குறைத்தோம், பலன் ஒன்றுதான். என்ன செய்யலாம்?

அடுக்குநீர்:
முந்தைய நாள் மாலையே நிரப்புவதுதான் காரணம். உப்பின் விரவல் எண் (உப்பு நீரில் தானாகப் பரவும் வீதம்) வினாடிக்கு சுமார் 1.5 × 10⁻⁹ ச.மீ. கூர்மையாகத் தொடங்கிய எல்லைகூட ஒரு மணி நேரத்தில் 8 மி.மீ. தடிக்கும், 12 மணி நேரத்தில் கிட்டத்தட்ட 3 செ.மீ. ஆகிவிடும். சாயம் இதைக் காட்டிக்கொடுக்காது. சிவப்பு அடர்த்தியாக இருந்தால் கண்ணுக்குக் கோடு கூர்மையாகத்தான் தெரியும். தொட்டியின் பின்புறம் சாய்கோடுகள் போட்ட தாளை ஒட்டிப் பாருங்கள். கோடுகள் வளைந்து தெரியும் பட்டைதான் உங்கள் எல்லையின் உண்மையான தடிப்பு.

இனி கணக்கு. உங்கள் உப்புநீருக்கும் தண்ணீருக்கும் அடர்த்தி வேறுபாடு சுமார் 2.8 விழுக்காடு. அதைப் புவியீர்ப்பு முடுக்கத்தால் பெருக்கினால் 0.27 மீ/வி². இதைக் குறைந்த ஈர்ப்பு என்று வைத்துக்கொள்வோம். தொட்டியைச் சாய்த்ததும் அடுக்குகளுக்கு இடையேயான வேக வேறுபாடு, குறைந்த ஈர்ப்பு × சாய்கோணத்தின் சைன் × நேரம் என்ற கணக்கில் ஏறும். 5 பாகையில் அது வினாடிக்கு 2.35 செ.மீ./வி வீதம் கூடுகிறது.

ரிச்சர்ட்சன் எண் (அடர்த்தி வேறுபாடு ஓட்டத்தை நிலைநிறுத்தும் வலிமைக்கும் வேக வேறுபாடு அதைக் குலைக்கும் வலிமைக்கும் உள்ள விகிதம்) எல்லா இடத்திலும் கால் பங்குக்கு மேல் இருந்தால் ஓட்டம் நிலையாகவே இருக்கும் என்று மைல்ஸும் ஹோவர்டும் 1961-இல் நிறுவினார்கள். இங்கே அந்த எண் என்பது குறைந்த ஈர்ப்பு × எல்லைத் தடிப்பு ÷ வேக வேறுபாட்டின் வர்க்கம். தடிப்பு 1 செ.மீ. என்றால் வேக வேறுபாடு 10.4 செ.மீ./வி ஆக வேண்டும், அதற்கு 4.4 வினாடி பிடிக்கும். தடிப்பு 3 செ.மீ. என்றால் 18 செ.மீ./வி வேண்டும், 7.7 வினாடி ஆகும். முனைகளிலிருந்து வரும் அலையின் வேகமோ 8.2 செ.மீ./வி. அது 60 செ.மீ. கடந்து நடுப்பகுதிக்கு வர 7.3 வினாடி போதும். சுருள் பிறக்கும் முன்பே அலை வந்து சேர்ந்துவிடுகிறது.

உப்பை மாற்றிப் பயன் கிடைக்காததற்கும் விடை இதற்குள்ளேயே இருக்கிறது. இந்த இரண்டு நேரங்களின் விகிதத்தை எழுதிப் பார்த்தால் 2 × √(தடிப்பு × உயரம்) ÷ (நீளம் × சைன்) என்று வரும். அடர்த்தி வேறுபாடு முற்றிலும் அடிபட்டுப் போகிறது. உப்பைக் குறைத்தால் எல்லாம் மெதுவாக நடக்கும், அவ்வளவுதான். வரம்பைத் தாண்டிய பிறகும் சுருள் வளர ஓரிரு வினாடி வேண்டும் என்பதால், இந்த விகிதம் 0.5-க்குக் கீழே இருப்பது நல்லது.

செங்குத்து:
மேலே சொன்னது சரி. நிரப்பும் முறையையும் மாற்றுங்கள். குமிழ் அடங்கத் தண்ணீரையும் உப்புநீரையும் தனித்தனி வாளிகளில் ஒரே அறையில் இரவு முழுவதும் வையுங்கள். தொட்டியில் வேண்டாம். தூள் உப்பில் கட்டி பிடிக்காமலிருக்கச் சேர்க்கும் பொருளால் நீர் கலங்கும். தூய உப்பாக வாங்கி, 6 லிட்டர் தண்ணீருக்கு 250 கிராம் போடுங்கள்.

காலையில் தொட்டியைச் செங்குத்தாக நிறுத்தி, முதலில் 6 லிட்டர் தண்ணீர். பிறகு அடிமுனைத் துளை வழியாக, உள்ளே ஒரு பஞ்சுத் துண்டு வைத்து, நிமிடத்துக்கு 200 மி.லி. வீதம் உப்புநீரை விடுங்கள். அரை மணியில் முடிந்துவிடும். பஞ்சு இல்லாவிட்டால் உப்புநீர் பீய்ச்சிக்கொண்டு மேலேறி எல்லையைக் கிழித்துவிடும். மேல்முனையில் காற்று துளிகூட மிஞ்சாமல் வெளியேற்றி அடையுங்கள். மிஞ்சும் குமிழ், சாய்க்கும்போது கூரையோடு ஓடி மேலடுக்கைக் கலக்கும்.

அடுத்து, மூன்று நான்கு நிமிடம் எடுத்து மெல்லப் படுக்க வையுங்கள். செங்குத்தில் எல்லையின் பரப்பு 100 ச.செ.மீ.; கிடையில் 1200. எல்லையிலுள்ள நீரின் கனஅளவு மாறாததால் தடிப்பு பன்னிரண்டில் ஒரு பங்காகக் குறையும். 3 செ.மீ. தடித்த எல்லைகூட 2.5 மி.மீ. ஆகிவிடும்! இதைவிட எளிதாகக் கூர்மையான எல்லை கிடைக்காது. பத்து நிமிடத்துக்குள் சாய்த்தால் தடிப்பு 4 மி.மீ. அளவில் நிற்கும், 5 பாகையில் 2.8 வினாடியிலேயே வரம்பைத் தொடும். அலைநீளம் தடிப்பைப் போல் சுமார் ஏழு மடங்கு இருக்கும் என்பதால் 3 செ.மீ. இடைவெளியில் பூனைக்கண் வடிவங்களை (இந்தச் சுருள்களின் தோற்றம்) எதிர்பார்க்கலாம். 3 செ.மீ. தடித்த எல்லையில் அதே கணக்குப்படி 21 செ.மீ. வரும், 10 செ.மீ. உயரத் தொட்டியில் மேல்கீழ்ச் சுவர்கள் அதை வளரவிடாது.

ஒன்றை மறக்க வேண்டாம். செங்குத்தில் அடிமுனை 120 செ.மீ. நீர்த்தம்பத்தைத் தாங்கும். ஒட்டுகளை முதலில் வெறும் தண்ணீர் நிரப்பிச் சோதியுங்கள்.

எண்ணெய்த்துளி:
உப்புநீரை விட்டுவிட்டு மண்ணெண்ணெய்–தண்ணீர் வைத்தால் எல்லை தடிக்கவே தடிக்காதே? ஒருமுறை நிரப்பினால் திரும்பத் திரும்பச் சாய்க்கலாம். ரெனால்ட்ஸ் 1883-இல் தண்ணீரையும் கார்பன் டைசல்ஃபைடையும் குழாயில் அடைத்துச் சாய்த்துப் பார்த்தது இந்த வகைதான்.

அடுக்குநீர்:
அலை வரும், மறுக்கவில்லை. இரண்டு திரவங்களுக்கு இடையேயான பரப்பு இழுவிசை 0.04 நியூட்டன்/மீ. என்று கொண்டால் வரம்பு சுமார் 20 செ.மீ./வி; 5 பாகையில் ஒரு வினாடியில் எட்டிவிடும். ஆனால் அங்கே சிறிய அலைகளை அடக்குவது பரப்பு இழுவிசை. ரிச்சர்ட்சன் எண்ணுக்கு அங்கே வேலையே இல்லை. வளிமண்டலத்திலும் கடலிலும் நடப்பதை மாணவர்களுக்குக் காட்ட வேண்டுமென்றால் உப்புநீர்தான். போதாக்குறைக்கு, முகடுகள் உடைந்தால் துளிகள் கலந்து நெடுநேரம் மங்கலாகிவிடும். விளக்குக்கு அருகில் தீ அபாயமும் உண்டு.

ஆய்வகமேசை:
மிக்க நன்றி. செங்குத்து முறையிலேயே செய்கிறோம். கடைசியாக ஒன்று: இதே தொட்டியைத் தலைகீழாகப் புரட்டி ராலே–டெய்லர் நிலையின்மையையும் (அடர்ந்த நீர் மேலே இருக்கும்போது எல்லை குலைவது) காட்டலாமா?

செங்குத்து:
கையால் புரட்டினால் முடியாது. இந்த அடர்த்திகளுக்கு அட்வுட் எண் (அடர்த்திகளின் வேறுபாட்டை அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்தது) 0.014-தான், ஆனாலும் 3 செ.மீ. அலைநீளமுள்ள சிறு மேடு 0.2 வினாடிக்கு ஒருமுறை 2.7 மடங்காகும். புரட்டவே ஒன்றிரண்டு வினாடி ஆகும். அதற்குள் அடுக்குகள் பக்கவாட்டில் சரிந்து ஓடத் தொடங்கிவிடும். நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் அந்த ஓட்டத்தின் கலக்கமாகவே இருக்கும். தனியாக ஒரு சிறு தொட்டியில் நடுவே மெல்லிய எஃகுத் தகடு வைத்து, மேலே உப்புநீர், கீழே தண்ணீர் நிரப்பி, தகட்டைக் கிடையாக உருவுங்கள். தகடு இழுத்துக்கொண்டு போகும் நீரால் உருவிய பக்கத்தில் ஒரு பெரிய சுழல் வரும். அதைக் குறைக்கத் தகட்டை உள்ளீடற்றதாகச் செய்து, இரு முகங்களிலும் நைலான் துணி போர்த்தி, துணியின் ஒரு முனையைத் தகடு வெளியேறும் சுவரில் ஒட்டி, மறுமுனையை முன்விளிம்பில் மடித்துத் தகட்டின் உள்ளே வழியாக வெளியே இழுத்தால், தகடு நகரும்போது துணி மடிந்து உருளும், நீரை உரசாது.