பையனுக்கு முதல் துப்பாக்கி, எது வாங்கலாம்? கொஞ்சம் அவசரம்

புதுக்குடித்தனம்:
வணக்கம். இங்கே வந்து நாலு மாதம்தான் ஆகிறது. வரும் சனிக்கிழமை பையனுக்கு 8 வயது முடிகிறது. பக்கத்து வீட்டுத் தாத்தா தங்கமான மனிதர். "உன் பையனுக்கு முதல் துப்பாக்கி நான்தான் தருவேன், என் பேரன்கள் எல்லாருக்கும் நான்தான் கொடுத்தேன்" என்கிறார். என் வீட்டுக்காரர் தலையாட்டிவிட்டு வந்துவிட்டார். வேண்டாம் என்றால் அவர் மனசு நோகுமோ என்று பயமாக இருக்கிறது. சின்னப் பிள்ளைக்கு எது ஏற்றது, எது எடை குறைவு? இரண்டு நாளாகத் தூக்கமில்லை.

மிச்சிகன்மாமா:
முதல் ஆறு மாதம் யாருக்கும் தூக்கம் வராதும்மா. நான் வந்தது 2009 ஜனவரி. கார் கிடையாது, சம்பளம் வர ஒன்றரை மாதம் ஆனது, வீட்டு வாசலில் இடுப்பளவு பனி. பக்கத்து வீட்டுக்காரர்தான் மண்வெட்டியோடு வந்து வழி செய்து கொடுத்தார். அக்கம்பக்கத்தைப் பகைத்துக்கொள்ளாதீர்கள், அவ்வளவுதான் சொல்வேன்.

ஸ்காபரோ அக்கா:
தங்கச்சி, எந்த நாடு என்று சொல்லவே இல்லையே. கனடா என்றால் பிள்ளைகளுக்கான மைனர் லைசென்ஸே பொதுவாக 12 வயதில்தான். அதுவும் இரவல் வாங்கிச் சுடத்தான், சொந்தமாக வைத்திருக்க இல்லை. சட்டத்தை விடுங்கள். துவக்குச் சத்தத்துக்குப் பயந்துதான் நாங்கள் இந்தக் குளிருக்கே ஓடி வந்தோம். பிறந்தநாளுக்குத் துவக்கா? எனக்கு வாசிக்கவே நெஞ்சு அடைக்கிறது.

குறிபார்ப்பவன்:
எல்லாரும் பயமுறுத்தினால் எப்படி? டெய்சி கம்பெனியின் ரெட் ரைடர் பிபி கன் போதும், காற்றழுத்தத்தில் சின்ன இரும்புக் குண்டைத் தள்ளும் துப்பாக்கி. ஒரு கிலோதான் இருக்கும், வேகம் நொடிக்கு 350 அடி. அட்டையில் 10 வயது என்று போட்டிருக்கும். ஒவ்வொரு தடவையும் சுடுவதற்கு முன் இழுக்க ஒரு லீவர் உண்டு. எட்டு வயதுக் கைக்கு அது கனம். பாதியில் நழுவினால் விரல் நசுங்கும், என் மகனுக்கு நகமே கறுத்துப்போனது. எதை எடுத்தாலும் ஒன்று பாருங்கள். பிள்ளை தூக்கி நிற்கும்போது இடுப்பை முன்னால் தள்ளிப் பின்பக்கம் வளைந்தால் அது அவனுக்குக் கனம். குழலின் நுனியும் ஆட ஆரம்பிக்கும். பின்கட்டையை முழங்கை மடிப்பில் வைத்தால் விரல் விசையை எட்ட வேண்டும், எட்டாவிட்டால் நீளம் அதிகம். டெய்சியிலேயே 499 என்று ஒன்று இருக்கிறது. குழலின் நுனி வழியாக ஒவ்வொரு குண்டாகப் போட்டு 5 மீட்டரில் சுடுவது. ஆர்கன்சாவில் அவர்கள் நடத்தும் தேசியப் போட்டியில் 8 வயதுப் பிள்ளைகளே வருகிறார்கள்.

ஹில்கன்ட்ரி:
ஒத்துக்கொள்ள மாட்டேன். பிபி கன்னை பொம்மை என்று நினைத்துத்தான் பிள்ளைகள் கண்ணைத் தொலைக்கிறார்கள். தகரத்தில் பட்டால் குண்டு திரும்பி வரும். ஒரு தடவைக்கு ஒரே தோட்டா போடும் நிஜ பாயிண்ட் 22 ரைஃபிள் கொடுத்தால் மரியாதை தானாக வரும்.

ஸ்காபரோ அக்கா:
மரியாதை வந்ததா? 2013-இல் கென்டக்கியில் 5 வயதுப் பையன், அவனுக்குப் பரிசாகக் கொடுத்த ஒற்றைத் தோட்டா ரைஃபிளால் 2 வயதுத் தங்கையைச் சுட்டுவிட்டான். துவக்கு மூலையில் சாத்தியிருந்தது. உள்ளே தோட்டா இருந்தது வீட்டில் யாருக்கும் தெரியாதாம்.

கேட்டி அம்மா:
நிஜத் துப்பாக்கியை விடுங்கள். தீபாவளிக்கு ஊரிலிருந்து மாமனார் கொண்டுவந்த பொட்டுவெடித் துப்பாக்கி என் மகன் பையில் கிடந்ததற்குப் பள்ளியில் கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டார்கள். மூன்று நாள் பள்ளிக்கு வர வேண்டாம் என்று கடிதம். தீபாவளிக்கு மட்டும் ஒரு நாள் விடுமுறை தர மாட்டார்கள்!

மிச்சிகன்மாமா:
அதை ஏன் கேட்கிறீர்கள், இந்த வருஷமும் லட்சுமி பூஜை அன்றைக்கு எனக்கு நாலு மீட்டிங். முறுக்கு மாவு விலை பார்த்தீர்களா?

கேட்டி அம்மா:
மாவா, தேங்காய் விலை பாருங்கள் மாமா.

குறிபார்ப்பவன்:
கேள்வி கேட்ட அம்மாவைக் காணோமே?

புதுக்குடித்தனம்:
மன்னிக்கவும், பையனைத் தூங்க வைக்கப் போயிருந்தேன். நாங்கள் டெக்சஸ். இன்னொரு விஷயம் சொல்லவில்லை. தாத்தா நேற்றே ஒரு பெட்டியை கராஜில் வைத்துவிட்டுப் போய்விட்டார். "கிரிக்கெட் வாங்கி வந்திருக்கிறேன்" என்றாராம். மட்டையும் பந்தும்தான், முதலில் சொன்னதெல்லாம் சும்மா கேலி என்று நினைத்து இவர் வாங்கி வைத்துவிட்டார். இப்போது பிரித்துப் பார்த்தால் சின்னதாக நிஜ ரைஃபிள். பாயிண்ட் 22 என்று எழுதியிருக்கிறது. என் வீட்டுக்காரர் ஹெச்1பி விசா, நானும் பையனும் ஹெச்4.

ஆஸ்டின் சீனியர்:
இதை முதல் வரியிலேயே எழுதியிருக்க வேண்டும் தங்கை. மாடல் பேச்சை எல்லாரும் நிறுத்துங்கள். கிரிக்கெட் என்பது பென்சில்வேனியா கம்பெனி ஒன்றின் குழந்தைகள் ரைஃபிள். ஒன்றேகால் கிலோ இருக்கும், ஆனால் அது முழுத் துப்பாக்கி. ஹெச்1பி, ஹெச்4 போன்ற தற்காலிக விசாக்காரர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது ஃபெடரல் குற்றம். 15 வருஷம் வரை தண்டனை உண்டு. "பரிசாக வந்தது, பிரிக்கவே இல்லை" என்பதெல்லாம் காப்பாற்றாது. செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் இருந்தால் விலக்கு உண்டு, ஆனால் டெக்சஸில் பெரும்பாலான லைசென்ஸ் ஆகஸ்ட் 31-உடன் முடிந்துவிடும். செப்டம்பர் 1 காலையில் நீங்கள் மறுபடியும் குற்றவாளி. அந்த வழியை இமிகிரேஷன் வக்கீலைக் கேட்காமல் தொடாதீர்கள்.

இப்போதே தாத்தாவுக்குப் போன் போடுங்கள். நீங்கள் காரில் ஏற்றிக் கொண்டுபோக வேண்டாம், அவரே வந்து எடுக்கட்டும். கூடவே தோட்டாப் பெட்டி இருக்கிறதா என்று பாருங்கள், அதுவும் போக வேண்டும். எப்படிச் சொல்வது என்றுதானே தயக்கம்? "எங்கள் விசாவுக்கு இது கூடாது, தெரிந்து கொடுத்தால் உங்களுக்கும் வழக்கு வரும்" என்று சொல்லுங்கள். உண்மையும் அதுதான். துப்பாக்கி வைத்திருக்கும் மனிதருக்கு இது சட்டென்று புரியும். பையனுக்கு ஆசை இருந்தால் பிபி கன் இந்தச் சட்டத்தில் வராது. அதுவும் அவர் வீட்டிலேயே இருக்கட்டும், அவர் பக்கத்தில் நிற்கும்போது மட்டும் சுடட்டும், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். 3-ஆம் வகுப்பு போனதும் ஃபோர் ஹெச் என்ற சிறுவர் அமைப்பில் சேர்க்கலாம், பயிற்சியாளரோடு கற்றுத் தருவார்கள்.

இன்னொன்று. நண்பர்கள் வீட்டுக்கு அனுப்பும்போது "துப்பாக்கி பூட்டி வைத்திருக்கிறீர்களா?" என்று கேளுங்கள். இங்கே யாரும் தப்பாக எடுக்க மாட்டார்கள்.

ஹில்கன்ட்ரி:
விசா விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை. நான் சொன்னதைக் கணக்கில் எடுக்க வேண்டாம்மா.

புதுக்குடித்தனம்:
வந்து எடுத்துக்கொண்டு போய்விட்டார் அண்ணா. போன் வைத்த பத்தாவது நிமிஷம் செருப்போடு ஓடி வந்தார். வந்ததும் முதலில் குழலை ஆள் இல்லாத பக்கம் திருப்பி, தோட்டா போடும் இடத்தைத் திறந்து உள்ளே விரல் விட்டுக் காலியா என்று பார்த்தார். தோட்டா கொடுக்கவில்லையாம். கோபமே இல்லை, "உன் விசாவைக் கேட்காதது என் தப்பு" என்றார். கிரிக்கெட் என்றால் எங்களுக்கு என்ன என்று சொன்னதும் சிரித்தார். சனிக்கிழமை மட்டையும் பந்தும் எங்கே கிடைக்கும் என்று கேட்கிறார். டல்லாஸ் பக்கம் யாருக்காவது கடை தெரியுமா?