மலையகத்துப் பழைய கார் கூட்டங்களில் எதைப் பார்ப்பது, எதைக் கேட்பது?

தலவாக்கலை வாசகன்:

அனைவருக்கும் வணக்கம். ஏப்ரல் வசந்த காலத்தில் நுவரெலியாவுக்கு வந்து சேரும் பழைய கார்களைப் பார்ப்பதற்காகவே ஆண்டுதோறும் அங்கே போகிறவன் நான். கிறகரி வாவிப் பக்கத்திலும் ஹோட்டல் முற்றங்களிலும் மொரிஸ் மைனர், ஆஸ்டின், பெஜோ, வொக்ஸ்வேகன் என்று அவை வரிசையாக நிற்கும்போது எதையும் சும்மா கடந்து போக எனக்கு மனம் வருவதில்லை. ஆனால் பார்க்கும் முறைதான் இன்னும் பிடிபடவில்லை. சென்ற முறை எல்லோரும் பளபளக்கும் ஒரு சிவப்புக் காரைச் சூழ்ந்து படம் எடுத்துக்கொண்டிருந்தபோது, பெரியவர் ஒருவர் மட்டும் அதன் பக்கமே திரும்பாமல், பெயின்ட் மங்கிய சாம்பல் நிற மொரிஸ் மைனர் ஒன்றின் முன் பம்பரைக் குனிந்து நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் அதில் எதைக் கண்டார் என்று கேட்பதற்குள் கூட்டத்தில் கலந்துவிட்டார்.

அதே சாம்பல் நிறக் காரைப் பற்றி எனக்கு இன்னொரு கேள்வியும் உண்டு. அது ஒரு காலத்தில் லிந்துலைப் பக்கத் தோட்டத்துத் துரை ஒருவரிடம் இருந்த வண்டி என்று அதன் உரிமையாளர் சொன்னார். என் தாத்தா அந்தப் பகுதித் தோட்டமொன்றில் பெரிய துரையின் கார் சாரதியாக வேலை செய்தவர். அவர் ஓட்டிய கார் இதுதானா என்று கண்டறிய வழி ஏதும் இருக்கிறதா? விபரம் அறிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

ஹட்டன் கராஜ்:

தம்பி, அந்தப் பெரியவர் பார்த்தது எது என்று என்னால் ஓரளவு உறுதியாகச் சொல்ல முடியும். மொரிஸ் மைனர் 1948இல் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் முதன்முதலாக வெளிவந்தது. அதை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ், வேலைகள் ஏறக்குறைய முடிந்துவிட்ட நிலையில், கார் ஒடுக்கமாகத் தெரிகிறது என்று கருதி, மாதிரி வண்டியை நெடுக்காக அறுத்து, இரு பாதிகளையும் விலக்கி வைத்துப் பார்த்து, 4 அங்குலம் அகலத்தைக் கூட்டினார். பம்பர்கள் அதற்கு முன்பே பழைய அளவில் தயாராகிவிட்டதால், அவற்றை நடுவில் வெட்டி, விழுந்த இடைவெளியை ஒரு தகட்டினால் இணைத்தார்கள். இந்த இணைப்புத் தகடு ஆரம்பகால வண்டிகளில் மட்டுமே உண்டு. பொனட்டின் நடுவில் மேலிருந்து கீழாக ஓடும் தட்டையான பட்டை அந்த 4 அங்குலத்தின் அடையாளமே. நீங்கள் பார்த்த வண்டியில் முன்விளக்குகள் கிரில்லோடு ஒட்டித் தாழ்வாக இருந்தனவா? இருந்தால் அது முதல் சில ஆண்டுகளின் வண்டி. பிற்பாடு விளக்குகள் மட்கார்டின் மேற்பகுதிக்கு ஏறிவிட்டன.

மைனர்களை வரிசைப்படுத்திப் பார்ப்பதற்குச் சில அடையாளங்கள் போதும். முதலில் வந்த இயந்திரம் 918 சி.சி., 1952 முதல் 803 சி.சி., 1956இல் மைனர் 1000 வந்தபோது 948 சி.சி., 1962இல் 1098 சி.சி. முன்கண்ணாடியின் நடுவே சட்டம் இருந்தால் 1956க்கு முந்தியது. திரும்பும்போது கதவுத் தூணிலிருந்து நீட்டும் சிறு கை 1961 வரை இருந்தது. வண்டி ஒரு காலத்தைச் சொல்லி, இயந்திரம் வேறொரு காலத்தைச் சொன்னால், அங்கேதான் உரிமையாளரிடம் பேச்சுக் கொடுக்க வேண்டும்.

இந்த இடத்தில் என் கருத்தைத் திட்டவட்டமாகச் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டுப் புத்தகங்களைப் படித்துவிட்டு, இயந்திரம் மாற்றப்பட்ட வண்டியைக் குறைத்துப் பேசுவோர் நம்மிடையே இருக்கிறார்கள். 1960களிலிருந்து 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாடு இந்த நாட்டை எப்படி நெருக்கியது என்பதை அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை. புதிய கார் வரவில்லை, உதிரிப்பாகமும் வரவில்லை. கிடைத்த இயந்திரத்தைப் பொருத்தி, கடைசல் பட்டறையில் புஷ் கடைந்து, லொறிக்கு உரிய வில்லிலிருந்து (ஸ்பிரிங்) தகடு எடுத்து, எங்கள் கராஜ்களில் இந்தக் கார்களை ஓட வைத்தவர்கள் பெரும்பாலும் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்ட தோட்டத்துப் பிள்ளைகள். அவர்கள் செய்த வேலையும் அந்தக் காரின் வரலாறுதான். 1098 சி.சி. இயந்திரம் பூட்டிய 1950ஆம் ஆண்டு மைனரை நான் மதிப்பேன், உரிமையாளர் அதை ஒளிக்காமல் சொல்லும் வரையில். இன்னொரு செய்தி: இங்கிலாந்தின் பாத் நகரத்து மைனர் நிறுவனமொன்றோடு சேர்ந்து 1990களில் மைனரின் உடல் தகடுகள் இலங்கையிலேயே தயாராகி இங்கிலாந்துக்குப் போயின. கைவேலை தெரிந்தவர்கள் இங்கே இருந்ததனால்தான் அது நடந்தது.

துருவைப் பற்றியும் சொல்ல வேண்டும். கதவும் மட்கார்டும் எவ்வளவு மினுங்கினாலும் அவற்றை நம்பாதீர்கள். பட்டி பூசி, தேய்த்து, பெயின்ட் அடித்தால் எந்த ஓட்டையும் மறைந்துவிடும். உரிமையாளர் அனுமதித்தால் குனிந்து, பின் வில் தொங்கும் இடத்தையும், கதவுக்குக் கீழே ஓடும் உள்பெட்டியையும், குறுக்குச் சட்டத்தையும் பாருங்கள். நமது மழையும் பனியும் முதலில் தின்பது அவற்றைத்தான். மரச் சட்டம் வைத்த டிராவலர் வகை மைனர் என்றால் இன்னும் கவனம் தேவை. அந்த மரம் அலங்காரத்துக்கு வைத்ததல்ல, பின்பக்கத்து உடலைத் தாங்குவதே அதுதான். வார்னிஷுக்குக் கீழே கறுத்திருந்தால் உள்ளே உளுக்கத் தொடங்கிவிட்டது என்று பொருள்.

மேட்டு வளைவு:

ஹட்டன் ஐயா சொன்னதில் எனக்கு மறுப்பில்லை, ஆனால் நிற்கும் காரைப் பார்ப்பது பாதிப் பார்வைதான் என்பேன். நான் நுவரெலியாவிலேயே பிறந்து வளர்ந்தவன். எங்களுக்குக் காரின் மேல் பித்துப் பிடித்ததே மஹகஸ்தொட்ட மலையேற்றப் பந்தயத்தால். தேயிலைத் தோட்டத்துப் பாதையில் ஒவ்வொரு வண்டியாகப் புறப்பட்டு, நேரத்தோடு போட்டியிட்டு மேலே ஏறும் அந்தப் பந்தயம் 1934இல் தொடங்கியது. ரதல்லையிலும் இப்படி ஒன்று உண்டு. தேயிலைச் செடிகளுக்கு நடுவே மேட்டில் நின்று பார்த்தால், கீழ் வளைவில் வண்டி கண்ணுக்குத் தெரியும் முன்பே, எந்தக் கியரில் வருகிறது, சாரதி எப்போது காலை எடுத்தார், எப்போது அழுத்தினார் என்பது எல்லாம் காதுக்கு எட்டிவிடும்.

ஒரு மினி அந்த வளைவுகளில் ஏறுவதை நீங்கள் பார்த்திருந்தால், 848 சி.சி. இயந்திரத்தோடு 1959இல் வெளிவந்த அந்தச் சிறு வண்டிக்கு ஏன் இத்தனை மரியாதை என்று யாரும் விளக்கத் தேவையில்லை. நான்கு சில்லுகளும் நான்கு மூலைகளுக்குத் தள்ளி வைக்கப்பட்டிருப்பதால், பெரிய கார் பின்பக்கம் வழுக்கித் தடுமாறும் இடத்தில் மினி பாதையைப் பற்றிக்கொண்டு திரும்பிவிடும். அதை வடிவமைத்தவரும் ஐயா குறிப்பிட்ட அதே இசிகோனிஸ்தான். அவர் 1930களில் நண்பர் ஒருவரோடு சேர்ந்து, ஆஸ்டின் செவனை அடிப்படையாகக் கொண்டு, தம் கையாலேயே இலேசான பந்தயக் கார் ஒன்றைக் கட்டி, இங்கிலாந்தின் மலையேற்றப் பந்தயங்களில் ஓட்டியவர். அந்தக் காரிலேயே வில்லுக்குப் பதிலாக இறப்பரைப் பயன்படுத்தினார், மினியிலும் இறப்பர்தான். மலையேற்றத்தில் பிறந்த எண்ணம் மலையேற்றத்திலேயே நன்றாக வேலை செய்வதில் எனக்கு வியப்பில்லை.

கூட்டத்துக்கு வந்த காரைப் பார்க்கும்போது நான் முதலில் கேட்பது, எந்த வழியாக ஏறி வந்தீர்கள் என்பதையே. லொறியில் ஏற்றி வந்த காருக்கும் இறம்பொடை வளைவுகளில் சொந்தக் காலில் ஏறி வந்த காருக்கும் பெரிய வேறுபாடு இருக்கிறது. நுவரெலியா 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. இங்கே காற்று ஐதாக இருப்பதால், கொழும்பில் சரியாகச் சீர்செய்த காபரேட்டர் காற்றுக்குக் கூடுதலான பெற்றோலைக் கொடுத்து இயந்திரத்தை மூச்சுத் திணற வைக்கும். பிளக்குகள் கரி பிடித்துவிடும். தண்ணீரும் இங்கே ஏறத்தாழ 94 பாகை செல்சியசிலேயே கொதித்துவிடுவதால், ரேடியேட்டர் மூடி சரியாக இறுகாத வண்டி மேலே வந்து சேரும்போது ஆவி பறக்கும்.

கீழ்நாட்டிலிருந்து ஆஸ்டின் ஒன்றில் வந்த ஒருவர், வண்டியை நிறுத்திய கையோடு துணியால் துடைக்கத் தொடங்காமல், பொனட்டைத் திறந்து ஒரு பிளக்கைக் கழற்றி அதன் நுனியைப் பார்த்ததைக் கண்டேன். நுனி புகைக்கரியாக இருந்தது. எஸ்.யூ. வகைக் காபரேட்டரின் அடியில் இருக்கும் ஆறுபக்க நட்டை ஒரு பக்க அளவு மட்டும் மேல் நோக்கித் திருகி, இயந்திரத்தை ஓட விட்டுக் காது கொடுத்துக் கேட்டார், பிறகு இன்னும் ஒரு பக்க அளவு திருகினார். பெற்றோலின் அளவு குறைந்து, தடதடத்துக்கொண்டிருந்த ஓசை சீரானது. வீடு திரும்பியதும் அந்த நட்டைப் பழைய இடத்துக்கு இறக்க வேண்டும் என்று ஒரு துண்டுக் காகிதத்தில் குறித்தும் வைத்துக்கொண்டார். அன்று அங்கே நின்ற கார்களில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான், அதன் நிறம்கூட இப்போது சரியாக நினைவில்லை.

இறங்கும்போது இன்னொரு சோதனை இருக்கிறது. பழைய டிரம் பிரேக் சூடேறினால் பிடிப்பை இழந்துவிடும். இரண்டாம் கியரில் இயந்திரத்தின் இழுப்பிலேயே வண்டியை இறக்கத் தெரிந்தவரா என்பது, கொத்மலைப் பக்கம் தேநீர்க் கடையில் நிறுத்தும்போது சில்லிலிருந்து வரும் வாசனையிலேயே தெரிந்துவிடும்.

வெலிமடை ஊவா:

இரண்டு பேரும் புல்தரையில் நிற்பவற்றையும் பந்தயத்தில் ஓடுபவற்றையும் பற்றி எழுதினீர்கள். அவை எல்லாம் வசந்த காலத்து விருந்தாளிகள். மலையகத்தில் வருடம் முழுவதும் பார்க்கக் கிடைக்கும் பழைய வண்டி லாண்ட் ரோவர். அதற்கு நுழைவுச் சீட்டும் தேவையில்லை. கந்தப்பளையிலோ எங்கள் வெலிமடைப் பக்கத்திலோ விடியற்காலையில் மரக்கறி ஏற்றும் இடத்துக்குப் போனால் போதும்.

லாண்ட் ரோவர் 1948இல் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அறிமுகமானது. போருக்குப் பின் இங்கிலாந்தில் இரும்புத் தகடு தட்டுப்பாடாக இருந்ததால் உடலை அலுமினியக் கலவையில் செய்தார்கள். அதன் பயனை எங்கள் ஊர் இன்றைக்கும் அனுபவிக்கிறது, ஏனென்றால் உடல் துருப்பிடிப்பதில்லை. ஆனால் அடியில் இருக்கும் சட்டம் இரும்பு. ஆகவே லாண்ட் ரோவரைப் பார்க்கிறவர் மேலே பார்த்து ஏமாறாமல் சட்டத்தைப் பார்க்க வேண்டும். அதிலும் பின்கோடிக் குறுக்குச் சட்டத்தில் எத்தனை ஒட்டு விழுந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். முன்விளக்குகள் கிரில்லை ஒட்டி நடுவில் இருந்தால் பழையது. 1960களின் கடைசியில்தான் அவை மட்கார்டுக்கு நகர்ந்தன. 1958இல் வந்த இரண்டாம் தொடரிலிருந்து பக்கவாட்டின் மேல் விளிம்பு சற்று உருண்டிருக்கும். அதற்கு முந்தியவை நேர்த்தகடாக இருக்கும்.

கரட்டும் லீக்ஸும் மூட்டை மூட்டையாக அடுக்கி, வாகனம் போகும் என்று யாரும் நம்ப முடியாத களிமண் சரிவில் தாழ்ந்த கியரில் ஊர்ந்து ஏறும் ஒரு முதல் தொடர் லாண்ட் ரோவரை நான் எந்தக் கண்காட்சியையும் விட மேலாக மதிக்கிறேன். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட காலத்தில் ஓடும் நிலையிலிருந்த எந்த வண்டிக்கும் விலை ஏறியது. எங்கள் பக்கத்து லாண்ட் ரோவர்கள் சில சேகரிப்பாளர்களின் கைக்குப் போய்விட்டன. விற்றவர்களைக் குறை சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆனாலும் மிச்சமிருப்பவற்றைப் படம் எடுத்து, இலக்கத்தோடும் ஊரோடும் பதிந்து வைக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

தலவாக்கலை வாசகன்:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. எடுத்து வைத்திருந்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஹட்டன் ஐயா சொன்னபடியே பம்பரின் நடுவில் இணைப்புத் தகடு இருக்கிறது, விளக்குகளும் தாழ்வாகவே இருக்கின்றன. இலக்கத் தகட்டில் இரண்டு ஆங்கில எழுத்துகளும் அதன் பின் எண்ணும் உள்ளன. இதைக் கொண்டு, தாத்தா ஓட்டிய கார் இதுதானா என்ற கேள்விக்கு விடை தேட முடியுமா?

ஹட்டன் கராஜ்:

நிச்சயமாகத் தேடலாம் தம்பி. சிலோன் என்ற பெயரின் ஆங்கில எழுத்துகளை இரண்டிரண்டாக எடுத்து அமைத்த தொடர்கள் அவை. 1957இல் சிங்கள ஸ்ரீ எழுத்துத் தொடர் வந்து, அதற்குத் தமிழர்களிடையே எழுந்த எதிர்ப்பு வரலாறாகிவிட்டது. ஆகவே அந்தக் கார் அதற்கு முன்பே இந்த நாட்டில் பதிவாகிவிட்டது. கை மாறினாலும் வண்டியின் இலக்கம் மாறுவதில்லை என்பது உங்களுக்குப் பெரிய உதவி.

உரிமையாளரிடம் வண்டியின் பழைய ஒரிஜினல் பதிவுப் புத்தகம் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் முன்னைய உரிமையாளர்களின் பெயர்களும் முகவரிகளும் அதில் வரிசையாக இருக்கும், தோட்டத்தின் பெயரும் முகவரியிலேயே வந்துவிடும். பொனட்டைத் திறந்தால் இயந்திரத்துக்குப் பின்னால் உள்ள சுவரில் வண்டி எண் பொறித்த சிறு தகடு இருக்கும். அதுவும் புத்தகமும் பொருந்துகின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் புத்தகத்தில் துரையின் பெயர்தான் இருக்கும், சாரதியின் பெயர் இருக்காது. கொழும்பு காலிமுக ஹோட்டலில் 1935ஆம் ஆண்டு ஸ்டாண்டர்ட் நைன் கார் ஒன்று காட்சிக்கு வைக்கப்பட்டிருக்கிறது. இளவரசர் பிலிப் கடற்படையில் இருந்த இளம் வயதில், 1940இல், இங்கே பழைய காராக வாங்கியது என்பதால்தான் அது அவ்வளவு கவனமாகப் பாதுகாக்கப்படுகிறது. அப்படியானால் தோட்டத்துக் காரைப் பல வருடம் கழுவி, துடைத்து, மலைப்பாதையில் பழுதில்லாமல் ஓட்டிய மனிதரின் பெயரும் அதன் பக்கத்துப் பலகையில் இடம்பெற வேண்டும் என்று நான் நினைக்கிறேன். தாத்தாவின் சாரதி அனுமதிப்பத்திரம், தோட்டத்துச் சேவைக் கடிதம், பங்களா முற்றத்தில் எடுத்த படம் என்று வீட்டில் எது இருந்தாலும் தேடி எடுங்கள். படத்தில் இலக்கத் தகட்டின் ஓர் எழுத்துத் தெரிந்தாலும் போதும். கிடைத்ததை இங்கே பதிவிடுங்கள், லிந்துலைப் பக்கத்தில் எனக்குத் தெரிந்த பழைய சாரதிகள் இன்னும் இருக்கிறார்கள், அவர்களிடம் நானே கொண்டுபோய்க் காட்டுகிறேன்.